ஏழாம் நம்பர் கடையில் கட்டிய சிவப்பு டேக்

1. மூன்று கட்டு டேக்

ஞாயிறு சந்தை தொடங்கிய முதல் நாள் காலை, என் கைப்பையில் மூன்று கட்டு டேக் இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை என்றால் ஓகே. மஞ்சள் என்றால் இன்னும் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் ஹோல்டு, யாரும் தொடக் கூடாது. கம்பெனியை விட்டு வரும்போது ஸ்டோரில் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, "வீட்டுல சும்மா இருக்கிறப்போ குக்கர்ல, மிக்ஸில எல்லாம் கட்டிப் பாரு" என்று கேலியாகக் கொடுத்து அனுப்பியது. நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரமாக வைத்திருந்தேன்.

ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள் நான். சப்ளையர்களிடமிருந்து வரும் பாகங்களை வண்டியிலிருந்து இறக்கியதும் அளந்து பார்த்து, உள்ளே விடலாமா திருப்பி அனுப்பலாமா என்று சொல்வதுதான் வேலை. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் பஸ் ஏறி வந்தவள், இந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முதுகுக்குப் பின்னால் என்னை 'ரிஜெக்ட் சாந்தி' என்பார்கள். அது என் காதுக்கு வந்ததுண்டு. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கம்பெனியில் ஒரு விதி. ஒவ்வொரு சப்ளையருக்கும் பாகம் போட்டு வைக்கத் தனி பெட்டி, எங்கள் பாஷையில் 'பின்'; தனி நிறம், அதன் மேல் அவர்கள் எழுத்து. ஒருவர் பின்னில் இன்னொருவர் பாகம் இருக்கவே கூடாது. இருந்தால் அன்றைக்கு லைன் நிற்கும், யாராவது ஒருவர் மேலே போய் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பின்னைப் பார்த்தாலே பாகம் யாருடையது என்று சொல்லிவிடலாம். இருபத்தெட்டு வருஷம் இது ஒரு நாளும் பொய்த்ததில்லை. இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம், அல்லது இதைத்தான் காரணம் என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் லேஅவுட் சங்கத் தலைவர் வெங்கடேசன் சார்தான் என்னைப் பிடித்துப் போட்டார். "மேடம், பூங்கா பக்கத்துல இடம் சும்மா கெடக்கு. ஞாயித்துக்கிழமை விவசாயிங்களே நேரா வந்து விக்கிற மாதிரி ஒரு சந்தை போடலாம்னு இருக்கோம். விளைய வெச்சவங்கதான் விக்கணும். அது ஒண்ணுதான் ரூல். கறாரா ஒரு ஆளு நிக்கலைன்னா ரெண்டே மாசத்துல இது தள்ளுவண்டி லைனாயிடும்."

கறாராக நிற்க வேண்டுமா, எனக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும். அன்றைக்கே மூன்று கட்டு டேக்கையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த வருஷத்திலிருந்து சந்தையை நடத்தப் போகிற நீங்கள், என்னிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். கடை போடும் வரைபடம், குடிதண்ணீர் கேன்காரர் நம்பர், மழை வந்தால் என்ன செய்வது, எல்லாம் ஃபைலில் இருக்கிறது. ஃபைலில் எழுதாமல் விட்டது ஒன்றுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு என் மேல் உள்ள மரியாதை குறைந்தால், அது நியாயம்தான்.

2. கடைக்காரர்கள்

ஆவணியில் தொடங்கி மாசியில் முடிவது நம் சீசன். முதல் சீசனில் பதினோரு கடை. நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்து ராகியும் தேனும் கொண்டுவரும் ஒருவர், முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்பே மலையிலிருந்து இறங்குவார். வந்து சேர்ந்ததும் முதலில் ஒரு டீ, அதற்குப் பிறகுதான் யாரிடமும் பேச்சு. காளான் வளர்க்கும் புருஷன் பெண்டாட்டி இருவர், கடைக்குப் பின்னால் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு, கடைக்கு முன்னால் ஆள் வந்தால் ஒரே குரலில் சிரிப்பார்கள்.

மூன்றாம் நம்பர் கடைக்காரர் ஒருவர். பேர் வேண்டாம். கழுவித் துடைத்த டிரேக்கள், ஒவ்வொன்றிலும் அவர் தோட்டத்தின் பேர் அச்சிட்ட ஸ்டிக்கர். வெண்டைக்காய் எல்லாம் ஒரே நீளம். அதைப் பார்த்ததும் எனக்குக் கம்பெனிக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரமே பச்சை டேக் கட்டிவிட்டேன். தோட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்டிக்கர் இருக்கிறதே.

ரத்னம்மாவுக்கு ஏழாம் நம்பர் கடை. பேரிகைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் தமிழ், எங்கள் லேஅவுட்டின் பெங்களூர்க்காரர்களிடம் கன்னடம். ஆளைப் பார்த்ததும் பாஷையை மாற்றுவார், கணக்கு மட்டும் தெலுங்கில்தான் போடுவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தக்காளி, கொத்தமல்லி, பீட்ரூட் என்று சீசனுக்கு எது உண்டோ அதைக் கொண்டுவருவார். ஒரு காய் வாடியிருந்தாலும் வாங்குபவர் பார்க்கும் முன் அவரே எடுத்துக் கீழே போட்டுவிடுவார்.

அவர் புருஷனுக்கு இந்தச் சந்தையில் இஷ்டமே இல்லை. மொத்தத்தையும் மண்டிக்குப் போடுவதுதான் அங்கே வழக்கம். ரத்னம்மா மட்டும் பிடிவாதமாக வந்தார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மண்டில கொட்டிட்டா எல்லாக் காயும் ஒண்ணுதான் மேடம். யாரு காயின்னு யாரு கேக்கறாங்க. இங்க வந்தா, 'ரத்னம்மா தக்காளி இருக்குதா'ன்னு கேக்கறாங்க. அதுக்குத்தான் வர்றது."

வந்தது மட்டுமில்லை. இரண்டாவது சீசனில் தன் ஊரிலிருந்து இன்னும் நான்கு பெண்களை அழைத்து வந்தார். அவர்கள் வீட்டு ஆண்களிடம் இவரே பேசி, "அந்த மேடம் கறாரு, ஆனா நாயம் பாப்பாங்க" என்று என்னை முன்வைத்துச் சம்மதம் வாங்கியிருக்கிறார். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

3. அவரை மேளா

இந்த எல்லையோர ஊர்களில் மார்கழி வந்தால் அவரைக்குத்தான் ராஜ மரியாதை. பனி விழ விழக் காயில் ஒரு பிசுபிசுப்பு ஏறும், உரித்தால் கையெல்லாம் மணக்கும். கன்னடக்காரர்கள் அதைச் சொகடு என்பார்கள். காயை அள்ளி முகத்தருகே வைத்து, "சொகடு இதெயா?" என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் விலையே கேட்பார்கள். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கு பருப்பில் குழம்பு வைக்காத வீடு அந்த மாதத்தில் இருக்காது.

மூன்றாவது சீசனில் இதை ஒரு விசேஷ நாளாக வைத்தோம். பந்தல், சீரியல் செட், ஒரு மைக். அவரை உப்புமா, அவரை ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேல் பிதுக்கும் போட்டி. ஐந்து நிமிஷத்தில் யார் அதிகம் பருப்பு பிதுக்குகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. போட்டிக்கு வேண்டிய அவரைக்கொட்டையை முந்தின நாளே உரித்து, ஊறவைத்து, இரண்டு குண்டானில் கொண்டுவந்து கொடுத்தது ரத்னம்மா. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "மேடையில எங்க கொட்டைய பிதுக்கறாங்கன்னா அதுவே போதும் மேடம்" என்றார்.

அன்று காலை கூட்டம் நான் நினைத்ததைவிட மூன்று பங்கு. மைக் என் கையில். சும்மா சொல்லக் கூடாது, மைக் கையில் இருந்தால் ஆளே வேறு ஆகிவிடுகிறோம். எட்டரை மணி இருக்கும். லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டோ போட்டார். ஏழாம் நம்பர் கடையின் பிளாஸ்டிக் கிரேட். அதன் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து. கீழே, 'இது தக்காளி மண்டி கிரேட். மண்டிச் சரக்கை விவசாயிச் சரக்கு என்று விற்கிறார்கள். சங்கம் தூங்குகிறதா?'

சங்கம் தூங்குகிறதா என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. நேராக ஏழாம் நம்பர் கடைக்குப் போனேன். எட்டு கிரேட் அவரை. எட்டிலும் அதே இரண்டு எழுத்து.

"ரத்னம்மா, இது மண்டி கிரேட்தானே?"

"ஆமா மேடம், கிரேட்டு மண்டிதுதான். காயி எங்குளுது."

"மண்டி கிரேட்டுல உங்க காய் எப்படி வரும்?"

"ஊட்டுல கெடந்துச்சு மேடம். மூட்டையில கட்டுனா சூடேறி வாசம் போயிடும். காத்தாடட்டும்னு இதுல போட்டுக்கினு வந்தேன். வெடியால பறிச்ச காயி, கையில எடுத்துப் பாருங்க."

கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாசமே சொல்லியிருக்கும். எனக்கு எழுத்து போதும் என்று இருந்தது.

"ரூல்னா ரூல் ரத்னம்மா. நாளைக்கு வந்து தோட்டத்தைப் பார்க்கிறேன். அதுவரைக்கும் ஹோல்டு" என்று சொல்லி, முன்வரிசை கிரேட்டில் சிவப்பு டேக்கைக் கட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். பந்தலுக்குத் திரும்பி வந்து மைக்கில் சொன்னேன். "ஏழாம் நம்பர் கடையில் உள்ள அவரை மண்டிச் சரக்கு என்று புகார் வந்திருக்கிறது. விசாரணை முடியும் வரை யாரும் வாங்க வேண்டாம். நம் சந்தையில் நேர்மைதான் முக்கியம்." கைதட்டினார்கள். வாட்ஸ்அப்பில் கட்டை விரல் வந்து குவிந்தது. எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

ரத்னம்மா ஈரச் சாக்கை எடுத்து எட்டு கிரேட்டையும் மூடினார். அவரையும் அவர் ஊர்ப் பெண்கள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும் குட்டியானை வண்டி ஒரு மணிக்குத்தான் வரும். அதுவரை போக வழியில்லை. சிவப்பு டேக்குக்குப் பின்னால் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று டேக்கைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போன வாரம் வரை 'ரத்னம்மா, ரத்னம்மா' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான்.

பத்து மணிக்குப் பிதுக்கும் போட்டி. பத்துப் பன்னிரண்டு பேர் மேடையில் உட்கார்ந்து சளசளவென்று பிதுக்க, நான் மைக்கில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆகா, என்ன வாசம் மேடம், எந்த ஊரு அவரை?" என்று ஒரு அம்மா மேடையிலிருந்தே கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு குண்டானும் ரத்னம்மாவுடையது. இருபதடி தள்ளி அவர் சாக்கு மூடிய கிரேட்டுகளோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல பேரிகைதாங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சம் ஒரு நிமிஷம் என்று அறிவித்தேன்.

4. திங்கட்கிழமை

மறுநாள் காலை பாகலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் பேரிகையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். ஊருக்குள் நுழைந்த முதல் வீட்டு வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஒரு கிரேட்டைக் கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். மஞ்சள் பெயிண்டில் அதே இரண்டு எழுத்து. அடுத்த வீட்டில் அதே மாதிரி கிரேட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகம். எல்லார் வீட்டுச் சுவரோரமும் கிரேட்டுகள் அடுக்கி நின்றன.

ஆட்டோக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். "தக்காளி போடறவங்களுக்கு மண்டிக்காரங்களே காலி கிரேட்டு குடுத்து அனுப்புவாங்க மேடம். நெப்பிக் குடுத்தா மறுபடி காலி வரும். இது இல்லாத ஊடு எங்க இருக்குது இந்தப் பக்கம்."

இதைத் தெரிந்துகொள்ள இந்த ஊருக்கு வர வேண்டியதில்லை. சந்தையில் எந்தக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. என் கம்பெனியில் பின் வேறு ஆள் கைக்குப் போகாது, ஆகவே உலகத்தில் எங்கேயும் போகாது என்று இருந்துவிட்டேன்.

ரத்னம்மாவின் அவரைத் தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பாதி பறித்தும் பாதி காயோடும். நடந்துபோனதிலேயே சேலை ஓரமெல்லாம் அந்தப் பிசுபிசுப்பு ஒட்டி மணத்தது. நேற்றுத் திரும்பி வந்த எட்டு கிரேட் காயும் மாட்டுக்கொட்டகை ஓரம் வதங்கிக் கிடந்தது. சிவப்பு டேக்கை அவர் அவிழ்க்கவில்லை. கட்டினது கட்டினபடி இருந்தது.

ரத்னம்மாவின் புருஷன் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். ரத்னம்மா நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"தப்பு என்னோடதுதான் ரத்னம்மா. எனக்கு இந்த கிரேட் விஷயம் தெரியாது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

நான் குடித்து வைத்த செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"கட்டுனது எங்க மேடம்?"

"சந்தையில."

"சொன்னது எதுல?"

"மைக்கில."

"இப்ப தப்புன்னு சொல்றது எங்க? எங்க ஊட்டுல, மாட்டுக்கொட்டாய் பக்கத்துல. எங்கூட வந்த நாலு பேரு ஊட்லயும், 'மண்டிக் காயி வித்து மாட்டிக்கினாளாம்'னு பேச்சாயிடுச்சு. நீங்க இங்க வந்து சொன்னது அவுங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த ஞாயிறு அதே மைக்கில சொல்லுங்க. காயி எதும் கொண்டாரல. சும்மா வந்து நிக்கறேன். நீங்க சொல்றத கேட்டுட்டு வந்துடறேன்."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

5. அடுத்த ஞாயிறு

இதுவரை எழுதியது ஒரு தப்பு. தெரியாமல் செய்தது என்று யாராவது மன்னிக்கலாம். இனிமேல் எழுதுவது தெரிந்தே செய்தது.

அந்த ஞாயிறு வெங்கடேசன் சார் காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், இன்னிக்கு ரெண்டு லேஅவுட்லேர்ந்து நம்ம சந்தையைப் பார்க்க ஆளுங்க வராங்க. அவங்க முன்னாடி, 'நாங்க தப்பா புடிச்சுட்டோம்'னு சொன்னா நம்ம செக்கிங் மேலேயே நம்பிக்கை போயிடும். பொதுவா ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்ருங்களேன். அந்தம்மாகிட்ட தனியா பேசிக்கலாம்."

அவர் சொன்னதால் செய்தேன் என்று இத்தனை வருஷத்தில் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. சனிக்கிழமை முழுக்க, மைக்கில் 'என் தவறு' என்ற இரண்டு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் அந்த இரண்டு வார்த்தையை நான் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. ஒரு நல்ல மனுஷர் அது தேவையில்லை என்கிறார். பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ரத்னம்மா வந்தார். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். மெரூன் நிறப் பட்டுச் சேலை, தலையில் பூ. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்தியிருந்தார். ஏழாம் நம்பர் கடை காலியாக இருந்தது. அதன் முன்னால் போய் நின்றார். கையில் ஒரு பை கூட இல்லை.

நான் மைக்கை எடுத்தேன். "சென்ற வாரம் ஒரு கடை தொடர்பாக ஏற்பட்ட சிறு குழப்பம் சரிசெய்யப்பட்டது. அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி. ஐந்தாம் நம்பர் கடையில் இன்று காளான் பிரியாணி கிடைக்கும்."

அவ்வளவுதான். பேர் இல்லை, நம்பர் இல்லை, 'என் தவறு' என்ற வார்த்தையும் இல்லை. மூச்சு விடாமல் காளான் பிரியாணிக்குப் போய்விட்டேன்.

ரத்னம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். இனிமேல்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியபோது ஏழாம் நம்பர் கடை முன்னால் யாரும் இல்லை. என் வாழ்நாளில் நான் கூனிக் குறுகிய நாள் எது என்று கேட்டால், டேக் கட்டிய நாளைச் சொல்ல மாட்டேன், இந்த நாளைத்தான் சொல்வேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் ஐந்து பேருமே வரவில்லை. ஐந்து கடை காலி. சந்தைக்கு வருகிறவர்கள், "எங்க மேடம் ரத்னம்மா?" என்று கேட்டார்கள். எதற்காக வரவில்லை என்று அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் மூன்றாம் நம்பர் ஸ்டிக்கர்காரர் மொத்த மார்க்கெட்டில் வாங்கி, டிரேயில் மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டி விற்றபோது கையும் களவுமாகப் பிடிபட்டார். பிடித்தது நான் இல்லை, காளான்காரர் மனைவி. நான் கட்டிய பச்சை டேக் அவர் டிரேயில் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. அவரைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைவரும் நானுமாக ஓரமாகக் கூப்பிட்டு, மரியாதையாக, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

6. கடைசி நாள்

மாசியில் சீசன் முடியும் நாள். யாரிடமும் கேட்காமல் மைக்கை எடுத்தேன். தலைவர் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவரை மேளா அன்று ஏழாம் நம்பர் கடை ரத்னம்மாவின் காயை மண்டிச் சரக்கு என்று சொன்னேன். அது அவர் தோட்டத்துக் காய். நான் போய்ப் பார்த்தேன். அடுத்த வாரமே இதைச் சொல்வதாக அவருக்கு வாக்குக் கொடுத்து, அவர் வந்து நின்றும் சொல்லாமல் விட்டேன். தவறு என்னுடையது. சங்கத்துடையது இல்லை."

கைதட்டினார்கள். 'எவ்வளவு பெரிய மனசு மேடம் உங்களுக்கு' என்று குரூப்பில் எழுதினார்கள். அன்றைக்கு ரத்னம்மாவை அவமானப்படுத்தியபோதும் எனக்குத்தான் கைதட்டல், இன்றைக்கும் எனக்கேதான்.

மறுநாள் பேரிகைக்குப் போனேன். அவரைக்காய் முடிகிற காலம். வீட்டு முன்னால் குட்டியானை வண்டி நின்றிருந்தது. ரத்னம்மாவும் புருஷனும் கிரேட்டுகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பெயிண்ட், அதே எழுத்து.

"மைக்கில சொல்லிட்டேன் ரத்னம்மா. பேரைச் சொல்லியே சொன்னேன்" என்றேன்.

"கேள்விப்பட்டேன் மேடம். ராத்திரியே ஃபோன் வந்துச்சு." கிரேட்டை வண்டியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லது. ஆனா நான் வந்து நின்ன அன்னிக்கு சொல்லல இல்ல."



"அடுத்த சீசனுக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. சின்னதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குக் கோபமே மேல்.

"எதுக்கு மேடம். மொத்தமும் மண்டிக்குத்தான் போவுது. இப்ப இது மண்டிக் காயிதான். நீங்க சொன்னது சரியாப் போச்சு."

வண்டி கிளம்பியது. அவர் மிச்சக் காயைப் பறிக்கத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

7. உங்களுக்கு

அதற்குப் பிறகு மூன்று சீசன் நடத்தினேன். புகார் வந்தால் தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன். மைக்கில் யார் பேரையும் குறையாகச் சொன்னதில்லை. இவையெல்லாம் நல்ல பழக்கங்கள். ஃபைலில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் நான் கற்ற பாடம் அது இல்லை.

உதிரிபாகத்துக்கு முகம் கிடையாது. தப்பாக ரிஜெக்ட் செய்தால், அடுத்த ஷிப்டில் டேக்கை அவிழ்த்துப் பச்சை கட்டினால் போதும், பாகத்துக்கு ஒன்றும் ஆகாது. மனுஷர் விஷயத்தில் டேக்கை அவிழ்ப்பதற்கு ஒரு நாள் இருக்கிறது. அவர்கள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கும் நாள் அது. அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் எத்தனை மைக்கில் சொன்னாலும், நம் மனசு ஆறலாம், அவர்களுக்கு அது போய்ச் சேராது.

பச்சை, மஞ்சள் கட்டுகளை ஃபைலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கடை நம்பர் எழுதப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிவப்பை உங்களுக்குத் தரவில்லை. அதில் ஒரு டேக் குறைகிறது. எனக்குத் தெரிந்தவரை அது இன்னும் ரத்னம்மா வீட்டுக் கொட்டகையில், அந்த கிரேட்டில்தான் இருக்கிறது. அதை அவிழ்த்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.